நெல்லை எழுத்தாளர்களின் மாற்றுப்பெயர்கள்: கல்வெட்டு முதல் மின்னஞ்சல் வரை

மாற்றுப்பெயர் என்பது ஓர் ஆளுக்கோ ஊருக்கோ முகவரிக்கோ இயற்பெயருடன் கூடுதலாக வழங்கும் பெயர். எழுத்தாளர் வைத்துக்கொண்டால் அது புனைபெயர். பத்திரங்களிலும் காவல்துறைப் பதிவுகளிலும் இரண்டு பெயர்களுக்கு நடுவே '(எ)' என்று போடுவார்கள். 'என்கிற' என்பதன் சுருக்கம் அது. மின்னஞ்சலில் ஒரே அஞ்சல்பெட்டிக்கு வந்து சேரும் கூடுதல் முகவரியை 'ஏலியாஸ்' என்கிறார்கள்.

தாமிரபரணிக் கரையில் இந்த வழக்கத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் ஊர்கள் இரட்டைப் பெயரோடு வருகின்றன. இருபதாம் நூற்றாண்டில் இப்பகுதி எழுத்தாளர்கள் பலர் ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்களில் எழுதினார்கள். பெயர்கள் ஏன் பெருகின, எந்தப் பெயர் யாருடையது என்ற கணக்கை யார் வைத்திருந்தார்கள், அந்தக் கணக்கு தொலைந்தால் என்ன ஆகும் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

கல்வெட்டில் 'ஆன'

சேரன்மாதேவி என்று இன்று வழங்கும் ஊருக்குச் சோழர் ஆட்சிக் காலத்தில் நிகரிலிசோழச் சதுர்வேதிமங்கலம் என்ற பெயரும் இருந்தது. மன்னார்கோயில் பகுதி இராசராசச் சதுர்வேதிமங்கலம் எனப்பட்டது. கீழ்வேம்ப நாட்டைச் சேர்ந்த திருநெல்வேலி, பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் குலசேகரச் சதுர்வேதிமங்கலம் என்ற பெயரோடு தொடர்புபடுத்தப்படுகிறது. அரசர் ஒருவரின் பெயரையோ பட்டத்தையோ ஊருக்குச் சூட்டுவது அன்றைய வழக்கம். ஆட்சி மாறினால் புதிய பெயர் வரும். மக்கள் வாயில் பழைய பெயர் அப்படியே இருக்கும்.

நிலக்கொடையிலும் வரிக்கணக்கிலும் குழப்பம் வராமல் இருக்க, கல்வெட்டு எழுதியவர்கள் இரண்டு பெயர்களையும் 'ஆன' என்ற சொல்லால் இணைத்தார்கள். 'இன்ன ஊரான இன்ன சதுர்வேதிமங்கலம்' என்பது பொதுவான வாய்பாடு. அந்த ஒரு சொல் இருப்பதால்தான், வழக்கொழிந்த பெயர் எந்த ஊரைக் குறிக்கிறது என்று இன்றைய ஆய்வாளர்களால் அடையாளம் காண முடிகிறது. பெயரோடு பெயரின் இணைப்பும் கல்லில் பதிவானது.

ஆட்களுக்கும் இது பொருந்தும். ஆழ்வார்திருநகரி என்ற குருகூரில் பிறந்த நம்மாழ்வாருக்கு மாறன், சடகோபன், பராங்குசன் ஆகிய பெயர்கள் உண்டு. வைணவ மரபு இவை அனைத்தும் ஒருவரையே குறிக்கும் என்பதைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக் காத்து வந்தது. அதனால் எந்தப் பெயரில் ஒரு குறிப்பு வந்தாலும் யாரைச் சொல்கிறது என்பதில் ஐயம் எழுவதில்லை.

அரசு வேலையும் அரசுத் தடையும்

அச்சு இதழ்கள் வந்த பிறகு மாற்றுப்பெயருக்குப் புதிய காரணங்கள் சேர்ந்தன. அவற்றில் ஒன்று வேலை. தாமிரபரணி பாயும் பெருங்குளத்தைச் சேர்ந்த அ. மாதவையா (1872-1925) பிரிட்டிஷ் அரசின் உப்புத் துறையில் அதிகாரியாக இருந்தவர். தமிழ் நாவலின் முன்னோடிகளில் ஒருவர். அவர் ஆங்கிலத்தில் எழுதிய 'தில்லை கோவிந்தன்' நாவல் முதலில் 'பம்பா' என்ற பெயரைத் தாங்கி வெளிவந்தது. சொந்தச் சமூகத்தின் வழக்கங்களைக் கடுமையாகக் கேள்வி கேட்ட நூல் அது.

இன்னொரு காரணம் அரசியல். எட்டயபுரம் அன்று திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 1986-இல் தூத்துக்குடி மாவட்டம் பிரிந்தபோதுதான் அது அங்கே சேர்ந்தது. அவ்வூரில் பிறந்து திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளியில் படித்த சி. சுப்பிரமணிய பாரதி, ஷெல்லிதாசன், காளிதாசன், சக்திதாசன், சாவித்திரி முதலிய பெயர்களில் எழுதினார். இவற்றில் ஷெல்லிதாசன் என்பது ஆங்கிலக் கவிஞர் ஷெல்லியிடம் அவருக்கு இருந்த ஈடுபாட்டைக் காட்டும் பெயர். எல்லாப் புனைபெயரும் ஒளிந்துகொள்வதற்காக வைக்கப்பட்டதல்ல என்பதற்கு இது சான்று.

ஆனால் பெயர் எவ்வளவு கனமானது என்பதை 'இந்தியா' வார இதழின் வழக்கு காட்டியது. பாரதி நடத்திய அந்த இதழின் ஆசிரியராகச் சட்டப்படி பதிவு பெற்றிருந்தவர் எம். சீனிவாசன். 1908-இல் அரசு இதழின் மீது ராஜத்துரோக வழக்குத் தொடுத்தபோது கைதாகிச் சிறை சென்றவர் அவர்தான். பாரதி அதே ஆண்டு புதுச்சேரிக்குச் சென்றார். இது புனைபெயர் அல்ல, ஏட்டில் ஒருவர் பெயரும் எழுத்தில் இன்னொருவர் கையும் இருந்த ஏற்பாடு. அரசைப் பொறுத்தவரை ஏட்டில் இருந்த பெயருக்கு உரியவரே பொறுப்பாளி. எழுத்துக்கும் பெயருக்கும் உள்ள இணைப்பு ஒருவரின் விடுதலையையே தீர்மானிக்கும் என்பதை அக்கால இதழாளர்கள் நேரில் கண்டார்கள்.

புதுமைப்பித்தன்: ஒரு மனிதர், பல கையெழுத்து

மாற்றுப்பெயரை முழுமையாகப் பயன்படுத்திக்கொண்ட நெல்லைக்காரர் சொ. விருத்தாசலம் (1906-1948). கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தாலும் குடும்பம் திருநெல்வேலியைச் சேர்ந்தது. தந்தை சொக்கலிங்கம் பிள்ளை வருவாய்த் துறையில் பணியாற்றியவர். விருத்தாசலம் 1931-இல் திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் பி.ஏ. பட்டம் பெற்றார். 1934 முதல் 'மணிக்கொடி'யில் கதைகள் எழுதினார். 'புதுமைப்பித்தன்' என்ற பெயர் நிலைத்தது அங்கேதான். தம் கதைகளின் கவர்ச்சிக்குப் புனைபெயரும் ஒரு காரணம் என்று அவரே கருதினார்.

சொ.வி., ரசமட்டம், மாத்ரு, கூத்தன், நந்தன், கபாலி, சுக்ராச்சாரி ஆகியவை அவருடைய மற்றப் பெயர்கள். இவற்றுக்கிடையே ஒரு வேலைப் பிரிவினையைக் காணலாம். கதைகளுக்குப் பெரும்பாலும் புதுமைப்பித்தன். இலக்கிய விமர்சனத்துக்கு ரசமட்டம். கொத்தனார் சுவரும் தரையும் மட்டமாக இருக்கிறதா என்று பார்க்கும் கருவிதான் ரசமட்டம். பிறர் படைப்பை அளந்து பார்க்கும் விமர்சகருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பது கடினம். கவிதைகளுக்கு வேளூர் கந்தசாமிக் கவிராயர். பழைய புலவர் போல ஒலிக்கும் இந்தப் பெயரில் அவர் எழுதியவற்றில் பல, நண்பர் தொ.மு.சி. ரகுநாதனுக்கு வெண்பா வடிவில் எழுதிய கடிதங்கள்.

இவ்வளவு பெயர்கள் ஏன் தேவைப்பட்டன? அக்காலச் சிற்றிதழ்கள் இரண்டு மூன்று பேரை வைத்து நடந்தவை. ஒரே இதழில் கதை, மதிப்புரை, துணுக்கு எல்லாவற்றையும் ஒருவரே எழுத நேரும். எல்லாவற்றிலும் ஒரே பெயர் இருந்தால் இதழ் தனிமனிதர் நோட்டுப்புத்தகம் போலத் தோன்றும். மேலும், கதைக்குப் பழகிய வாசகர் அதே பெயரில் காரசாரமான விமர்சனத்தைப் படித்தால் கதையையும் அந்தக் கண்ணோடு பார்க்கத் தொடங்குவார். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெயர் என்று வைத்துக்கொண்டால் ஒன்றின் நிழல் மற்றொன்றில் விழாது.

வல்லிக்கண்ணன் முதல் வண்ணதாசன் வரை

இதே முறையை அடுத்தடுத்த தலைமுறைகளும் பின்பற்றின. தாமிரபரணிக் கரையிலுள்ள ராஜவல்லிபுரத்தைச் சேர்ந்த ரா.சு. கிருஷ்ணசாமி (1920-2006) தம் ஊர்ப் பெயரில் உள்ள 'வல்லி'யையும் தம் பெயருக்கு இணையான 'கண்ண'னையும் சேர்த்து வல்லிக்கண்ணன் ஆனார். அந்தப் பெயரில் எழுதிய 'புதுக்கவிதையின் தோற்றமும் வளர்ச்சியும்' நூலுக்கு 1978-இல் சாகித்திய அகாதமி விருது பெற்றார். கிண்டல் எழுத்துக்கு நையாண்டி பாரதி என்றும், சூடான சமூக விமர்சனப் பிரசுரங்களுக்குக் கோரநாதன் என்றும் கையெழுத்திட்டார். மிவாஸ்கி என்பது அவருடைய இன்னொரு பெயர். அமைதியான மனிதர் என்று பெயரெடுத்த வல்லிக்கண்ணனைக் கோரநாதனோடு சேர்த்துப் பார்க்கப் புதிய வாசகர் தயங்குவார். பெயரைப் பிரித்து வைத்ததன் பயனே அதுதான்.

புதுமைப்பித்தனின் வரலாற்றை எழுதிய தொ.மு.சி. ரகுநாதன் (1923-2001) கவிதைகளைத் திருச்சிற்றம்பலக் கவிராயர் என்ற பெயரில் எழுதினார். அவர் பெயரில் உள்ள சிதம்பரத்தின் இன்னொரு வடிவமே திருச்சிற்றம்பலம்.

திருநெல்வேலியில் 1946-இல் பிறந்த சி. கல்யாணசுந்தரம், சிறுகதைகளில் வண்ணதாசன், கவிதைகளில் கல்யாண்ஜி. வங்கிப் பணியில் இருந்தபடியே இரண்டு பெயர்களிலும் எழுதினார். வண்ணதாசனின் 'ஒரு சிறு இசை' தொகுப்புக்கு 2016-இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. இருவரும் ஒருவரே என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் வாசகர்கள் கதையைப் பற்றிப் பேசும்போது வண்ணதாசன் என்றும் கவிதையைப் பற்றிப் பேசும்போது கல்யாண்ஜி என்றும் சொல்கிறார்கள். 'கடல்புரத்தில்', 'ரெயினீஸ் ஐயர் தெரு' ஆகிய நாவல்களை எழுதிய வண்ணநிலவனின் இயற்பெயர் ராமச்சந்திரன். 'துக்ளக்' இதழில் அவர் துர்வாசர் என்ற பெயரில் எழுதினார். கோபத்துக்குப் பேர்போன முனிவரின் பெயர் அது.

இணைப்பு தொலைந்தால்

கல்வெட்டில் 'ஆன' என்ற சொல் இருந்தது. இதழ்களில் அப்படி எதுவும் இல்லை. ரசமட்டம் யார், மாத்ரு யார் என்பது ஆசிரியருக்கும் நண்பர்களுக்கும் மட்டுமே தெரியும். அந்தப் பட்டியல் அவர்கள் நினைவில் இருந்தது. அவர்கள் மறைந்தால் அதுவும் மறையும்.

புதுமைப்பித்தன் 42 வயதில் காசநோயால் இறந்தார். நூலாக வராத எழுத்து பல இதழ்களில் சிதறிக் கிடந்தது. ரகுநாதன் 1951-இல் 'புதுமைப்பித்தன் வரலாறு' நூலை எழுதினார். கந்தசாமிக் கவிராயரின் கவிதைகள் 1954-இல் நூலாயின. அரை நூற்றாண்டுக்குப் பிறகு ஆ.இரா. வேங்கடாசலபதி பழைய இதழ்களில் தேடி, தொகுக்கப்படாத எழுத்துகளை 1998-இல் 'அன்னை இட்ட தீ' என்ற நூலாகவும், கதைகளை 2000-இல் செம்பதிப்பாகவும் காலச்சுவடு வழியே கொண்டுவந்தார். இத்தகைய பணியில் ஒவ்வொரு கையெழுத்தையும் ஆளோடு பொருத்துவது முதல் வேலை. தவறாகப் பொருத்தினால் ஒருவருடைய எழுத்து மற்றொருவர் கணக்கில் ஏறிவிடும். பொருத்தாமல் விட்டால் அது யாருடையதும் இல்லாமல் போகும்.

இதில் குடும்பத்தின் உரிமையும் அடங்கியிருக்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 23-ஆம் பிரிவு புனைபெயர் எழுத்தைப் பற்றியது. எழுதியவர் யார் என்று தெரியாவிட்டால், நூல் வெளியான ஆண்டை அடுத்து 60 ஆண்டுகள் வரையே உரிமை. அந்தக் காலம் முடிவதற்குள் ஆசிரியர் யார் என்பது வெளிப்பட்டால், அவர் இறந்த ஆண்டை அடுத்து 60 ஆண்டுகள் வரை உரிமை நீளும். எடுத்துக்காட்டாக, 25 வயதில் புனைபெயரில் ஒரு நூலை எழுதியவர் 80 வயது வரை வாழ்ந்தால், அடையாளம் பதிவாகியிருப்பதாலேயே அவர் குடும்பத்துக்கு 55 ஆண்டுகள் கூடுதல் உரிமை கிடைக்கும்.

தந்தி விலாசம்

எழுத்துலகத்துக்கு வெளியே, அஞ்சல் துறை இந்தச் சிக்கலுக்கு எப்போதோ தீர்வு கண்டிருந்தது. தந்தியில் சொல்லுக்குச் சொல் காசு. முழு முகவரியும் எழுதினால் செலவு ஏறும். அதனால் வணிக நிறுவனங்கள் கட்டணம் கட்டி ஒரு குறுஞ்சொல்லைத் தங்கள் தந்தி விலாசமாகப் பதிவு செய்துகொண்டன. பழைய கடைச் சிட்டைகளிலும் கடிதத் தாள்களிலும் 'தந்தி:' என்ற வரியில் அந்தச் சொல்லைக் காணலாம். தந்தி அலுவலகத்தில் ஒரு பதிவேடு இருக்கும். ஒரு பக்கம் குறுஞ்சொல், எதிரே கடையின் பெயரும் தெருவும். ஊழியர் பதிவேட்டைப் பார்த்துத் தந்தியை உரிய இடத்துக்கு அனுப்புவார். 2013 ஜூலையில் தந்திச் சேவை நிறுத்தப்பட்டதோடு அந்த விலாசங்களும் முடிவுக்கு வந்தன.

மின்னஞ்சல் மாற்றுப்பெயர்

மின்னஞ்சல் மாற்றுப்பெயர் இந்தத் தந்திப் பதிவேட்டின் கணினி வடிவம். 1971-இல் ரே டாம்லின்சன் இரண்டு கணினிகளுக்கிடையே முதல் மின்னஞ்சலை அனுப்பினார். பின்னர் பெர்க்கிலியில் எரிக் ஆல்மன் எழுதிய 'சென்ட்மெயில்' என்ற நிரல் பரவலானது. அதில் 'ஏலியாசஸ்' என்ற ஒரு கோப்பு உண்டு. ஒவ்வொரு வரியிலும் இடப்பக்கம் மாற்றுப்பெயர், நடுவே முக்காற்புள்ளி, வலப்பக்கம் உண்மையான அஞ்சல்பெட்டி. கல்வெட்டில் 'ஆன' செய்த வேலையை இங்கே முக்காற்புள்ளி செய்கிறது.

கடிதம் வந்ததும் அஞ்சல் வழங்கி பெறுநர் பெயரை அந்தப் பட்டியலில் தேடும். பெயர் இருந்தால் எதிரே உள்ள பெட்டியில் கடிதத்தைச் சேர்க்கும். மாற்றுப்பெயருக்கெனத் தனிப் பெட்டியோ தனிக் கடவுச்சொல்லோ கிடையாது. பல பெயர்கள் ஒரே பெட்டிக்கு வரலாம். ஒரே பெயருக்கு வரும் கடிதத்தைப் பல பெட்டிகளுக்கும் பிரித்து அனுப்பலாம். கடிதத்தின் தலைப்பில் எந்த முகவரிக்கு அனுப்பப்பட்டது என்பது அப்படியே இருக்கும். அதைக் கொண்டு வகை பிரித்துக்கொள்ளலாம்.

மக்கள் இதைப் பயன்படுத்தும் காரணங்கள் புனைபெயரின் காரணங்களை ஒத்தவை.

வேலைப் பிரிவினை: ஒருவரே நடத்தும் சிற்றிதழ் 'ஆசிரியர்', 'சந்தா', 'விளம்பரம்' என்று மூன்று முகவரிகள் வைத்துக்கொள்ளலாம். மூன்றும் ஒரே பெட்டிக்கு வரும்.

பதவியின் தொடர்ச்சி: ஆள் மாறினாலும் முகவரி மாறாது. 1982-இல் வெளியான மின்னஞ்சல் விதிமுறை, ஒவ்வொரு அஞ்சல் தளத்திலும் 'போஸ்ட்மாஸ்டர்' என்ற முகவரி இருக்க வேண்டும் என்றது. தகவல், புகார் போன்ற பணிகளுக்குரிய பொது முகவரிகளை 1997-இல் வந்த விதிமுறை வரையறுத்தது.

மறைப்பு: இணையக் கடைக்கோ செயலிக்கோ உண்மை முகவரியைக் கொடுக்க விரும்பாதவர், அதற்கென ஒரு மாற்றுப்பெயரைக் கொடுக்கலாம். அந்தப் பெயருக்கு வேண்டாத விளம்பரம் வரத் தொடங்கினால், முகவரி எங்கிருந்து கசிந்தது என்று தெரிந்துவிடும். அந்தப் பெயரை மட்டும் நீக்கிவிடலாம். ஜிமெயிலில் பெயருக்குப் பின் கூட்டல் குறி இட்டு ஒரு சொல்லைச் சேர்த்தாலும் கடிதம் அதே பெட்டிக்கு வரும். ஆப்பிள் 2021-இல் கட்டணப் பயனர்களுக்கு, தோராயமாக உருவாக்கிய முகவரிகளைத் தரும் வசதியை அறிமுகப்படுத்தியது.

இதன் எல்லைகளையும் அறிய வேண்டும். கூட்டல் குறிக்குப் பின் உள்ளதை யாரும் வெட்டிவிட்டு உண்மை முகவரியைப் பெறலாம். கவனமில்லாமல் உண்மை முகவரியிலிருந்து பதில் அனுப்பினால் மறைப்பு கலைந்துவிடும். சேவை நிறுவனத்திடம் பட்டியல் முழுவதும் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு கணக்கை எந்த மாற்றுப்பெயரில் திறந்தோம் என்பதை மறந்து, அந்தப் பெயரையும் நீக்கிவிட்டால், கடவுச்சொல்லை மீட்கும் கடிதம் வந்து சேராது. கணக்கு கைவிட்டுப் போகலாம். யாருக்கு எந்தப் பெயர் கொடுத்தோம் என்ற பட்டியலைப் பயனரும் தனியாக எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

பதிவின் தேவை

நூலகங்கள் இப்பணியைத் தம் பட்டியல்களில் செய்கின்றன. 'விருத்தாசலம், சொ.' என்று தேடுபவரை 'புதுமைப்பித்தன்' பதிவுக்கு அனுப்பும் குறிப்பு அட்டை அதற்கானது. இணையக் கலைக்களஞ்சியங்களில் 'வழிமாற்று' என்ற வசதி அதே வேலையைச் செய்கிறது. ஆனால் பட்டியலில் ஏற வேண்டுமானால் யாராவது முதலில் இணைப்பைக் கண்டறிந்து எழுதியிருக்க வேண்டும்.

நெல்லைப் பகுதியில் இருந்து வெளிவந்த இதழ்கள் பல. ரகுநாதன் 1950-களில் திருநெல்வேலியில் இருந்து நடத்திய 'சாந்தி' அவற்றுள் ஒன்று. பழைய இதழ்கள் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களிலும், ஊர் நூலகங்களிலும், தனியார் வீடுகளிலும் உள்ளன. அவற்றில் எழுதியவர்களின் நண்பர்களும் குடும்பத்தினரும் வாழும் காலத்திலேயே புனைபெயர்களைக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். அப்படிச் செய்யும் மாணவர் மூன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும்: இதழில் உள்ள கையெழுத்து எழுத்து மாறாமல், இதழின் பெயரும் நாளும், இந்தப் பெயர் இன்னாருடையது என்று சொன்னவர் யார் என்பது. மூன்றாவது இல்லாவிட்டால் பின்னால் வருபவருக்கு அது வெறும் ஊகமாகவே இருக்கும். பத்து நூற்றாண்டுகளுக்கு முன் சேரன்மாதேவியில் கல் வெட்டியவர் சேர்த்த 'ஆன' இன்றும் பயன்படுகிறது. இதழ்களில் உள்ள பெயர்களுக்கு அந்தச் சொல்லை இனிதான் சேர்க்க வேண்டியிருக்கிறது.